கேட்காமலே கண்டுபிடிக்கும் டாக்டர்

டாக்டர் மூட்லி கிளினிக்கை மூடிவிட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போய்ச் சேர்ந்ததை மாபெங்கு ஒரு துரோகமாகவே எடுத்துக்கொண்டாள். மனைவியை இழந்தவர், வயதானவர், கிளினிக்குக்குள் இரண்டு தடவை துப்பாக்கியோடு புகுந்து கொள்ளையடித்திருக்கிறார்கள், மனுஷன் வேறு என்னதான் செய்வார் என்று ஊரே பரிதாபப்பட்டது. மாபெங்குவின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. கல்யாணமாகி வந்த நாள்முதல் அவர்தான் அந்த வீட்டுக்கு டாக்டர். மூன்று பிள்ளைகளுக்கும் அவர்தான் தடுப்பூசி போட்டார். மாமனாரின் கடைசி மூச்சுக்கும் பக்கத்தில் இருந்தார். அப்படிப்பட்டவர் ஒரு வார்த்தை சொல்லாமல் கதவில் ஒரு அட்டையை ஒட்டிவிட்டுப் போவாரா?

அவள் சொந்தப் பெயர் கொன்ஸாபி. பெங்கு வீட்டில் பிறந்து சிபியா வீட்டுக்கு வாழ வந்தவளை எசாகெனி என்ற அந்த ஜூலு ஊரில் வேறெப்படிக் கூப்பிடுவார்கள், பிறந்த வீட்டுப் பெயருக்கு முன்னால் 'மா' சேர்த்து மாபெங்குதான். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறாள். வியாழக்கிழமை மத்தியானம் சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு மெதடிஸ்ட் சபைப் பெண்களின் ஜெபக் கூட்டத்துக்குப் போவாள். வாய்க்குச் சளைத்தவள் இல்லை. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரே பீன்ஸில் உப்புக் குறைவு என்று சொல்ல நேர்ந்தால் இரண்டு தரம் யோசிப்பார்.

டாக்டர் மூட்லியிடம் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. அவர் எதையும் கேட்க மாட்டார். பக்கத்து நகரமான லேடிஸ்மித்தின் கடைத்தெருவில், துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது கிளினிக். இவள் உள்ளே போய் உட்கார்வாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "மாபெங்கு, மறுபடியும் முட்டியா?" என்பார். அல்லது, "சிபியாகிட்ட சண்டை போட்டுட்டுத் தூங்காம வந்திருக்கீங்க, அப்படித்தானே?" என்பார். ஒருநாளும் தப்பினதில்லை. "பார்த்த பார்வையிலேயே கண்டுபிடிச்சிடுவாரு. அவரு டாக்டரு!" என்று ஜெபக் கூட்டம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள்.

அவர் போன அந்த ஜூன் மாதக் குளிர்காலத்தில்தான், ஒரு காலை, வாளி வெந்நீரில் உடம்பைத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தபோது, இடது மார்பில், அக்குளுக்குக் கொஞ்சம் இந்தப்பக்கமாக, விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஊறப்போட்ட பீன்ஸ் கொட்டை அளவு இருக்கும். அழுத்தினால் வலிக்கவில்லை, நகரவும் இல்லை. தண்ணீர் ஆறிப்போகும்வரை அப்படியே நின்றாள். பிறகு துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய் சோளக்களி கிளறினாள். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். அவள் வளர்ந்தது வேறு மாதிரி. அவளுடைய அப்பா வீட்டில் யாருக்காவது நோய் என்றால், பெரியவர்கள் கூட்டமாக மலையடிவாரத்தில் குறிசொல்லும் வைத்தியரான சங்கோமாவிடம் போவார்கள். குறி கேட்கப் போகிறவன் வாயைத் திறந்து இன்னதுதான் பிரச்சினை என்று சொல்லவே கூடாது. சொல்லிவிட்டால் அப்புறம் அவனிடம் போவானேன்? சங்கோமாதான் சொல்ல வேண்டும். வந்தவர்கள் கைதட்டி, "சியாவுமா", அதாவது ஒப்புக்கொள்கிறோம், என்று குரல் கொடுக்க வேண்டும். சொல்லாமலே கண்டுபிடிப்பவன்தான் கைகாரன், "உனக்கு என்ன?" என்று கேட்பவன் கற்றுக்குட்டி. மாபெங்கு சபைக்கு வந்தபிறகு சங்கோமா பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு மட்டும் மனதில் அப்படியே தங்கிவிட்டது. டாக்டர் என்றாலும் அதே பரீட்சைதான். டாக்டர் மூட்லி பாஸ் பண்ணினார். இனி வருகிறவனும் பண்ணட்டும்.

இதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. வாயால் சொல்லாதவரை அது வெறும் கொட்டை. சொல்லிவிட்டால் அதற்கு ஒரு பேர் வந்துவிடும்.

கணவன் சிபியா முன்பு மினிபஸ் ஓட்டியவர். ரத்த அழுத்தம் வந்தபிறகு பழைய வேன் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார். டாக்டர் மூட்லி போனதிலிருந்து வேறு டாக்டர் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தன் மாத்திரைக்காகத்தான் இப்படிப் பறக்கிறார் என்று மாபெங்கு நினைத்தாள்.

"குடும்பம்னு இருந்தா ஒரு டாக்டர் வேணும்டி. இந்த வாரமே போய்ப் பாரு. நான் கொண்டுபோய் விடுறேன்."

"மாத்திரை உங்களுக்குத்தானே? நீங்க போய்ப் பாருங்களேன்."

"முதல்ல நீ போ. உனக்குப் புடிச்சாத்தான் எனக்கும் சரிப்படும்."

முதலில் போனது டாக்சி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த டாக்டர் ஃபூரியிடம். சின்னப் பையன், செக்கச்செவேலென்று இருந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டான்.

"சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?"

மாபெங்குவுக்கு அப்போதே மனசு விட்டுப்போயிற்று. "ஒடம்பு சரியில்ல" என்றாள்.

"எங்க சரியில்ல?"

"ஒடம்புலதான்."

"ஒடம்புல எங்க?"

"அதைத்தான் நீங்க பார்க்கணும்."

பையன் முதல்முறையாகக் கம்ப்யூட்டரைவிட்டு அவளைப் பார்த்தான். காய்ச்சல் உண்டா, வயிறு எப்படி, தூக்கம் எப்படி என்று வரிசையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தான்.

படியிறங்கும்போது, "ஒண்ணும் தெரியாத பய" என்று முணுமுணுத்தாள். முணுமுணுப்புக்குள் ஒரு நிம்மதி இருந்தது. படித்தவனுக்கே தெரியவில்லை என்றால் ஒருவேளை அங்கே ஒன்றுமே இல்லையோ? அந்த நிம்மதி வேன் கதவைத் திறப்பதற்குள் தீர்ந்துவிட்டது. இருக்கிறது. இன்று காலையும் இருந்தது.

சிபியா அவள் முகத்தையே பார்த்தார். "என்ன சொன்னான்?"

"சின்னப் பையன். அவனுக்கு ஒண்ணும் தெரியல."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லைன்னுதானே சொல்றேன்!"

அவர் வண்டியைக் கிளப்பினார். "அப்ப வேற டாக்டரைப் பார்ப்போம்."

அடுத்த பெயரைக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு மாஸ்வானே. "டாக்டர் செலே கிட்ட போ. அவரு கேக்கவே மாட்டாரு, படபடன்னு அவரே சொல்லிடுவாரு. ஊசியும் போடுவாரு. ஊசி போடாதவன்லாம் ஒரு டாக்டரா?" டாக்டர் செலேயின் வாசலில் விடிந்ததிலிருந்தே கூட்டம் இருந்தது. மாபெங்குவுக்கு நம்பிக்கை வந்தது, கூடவே பயமும். இவர் கண்டுபிடித்துவிட்டால்?

டாக்டர் செலே குண்டான, கலகலப்பான மனிதர். மாஸ்வானே சொன்னது சரிதான், அவர் கேட்கவில்லை.

"பிரஷர் இருக்கு. மூட்டு வலி இருக்கு. மனசுல ஒரு பெரிய கவலை இருக்கு. மருமகளா?"

அவளுக்கு மருமகளே இல்லை. மகன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஜோஹானஸ்பர்க்குக்கு ஓடிவிடுகிறான். ஆனாலும் கவலை என்றாரே! மாபெங்கு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். சட்டையின் மேல் பொத்தானைத் திறக்கச் சொன்னார். குளிர்ந்த வட்டம் நெஞ்சின் நடுவில் உட்கார்ந்தது. பிறகு இடதுபக்கம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் இடது. இதோ, இதோ என்று அவள் உள்ளுக்குள் அலறினாள். நாலு விரல்கடை தள்ளினால் போதும், அவர் கை அதன்மேல் பட்டுவிடும். கண்டுபிடி ஐயா. ஐயோ, வேண்டாம், கண்டுபிடிக்காதே. வட்டம் அங்கே ஒரு கணம் நின்றது, பிறகு முதுகுப் பக்கம் போய்விட்டது.

"இதயம் குதிரை மாதிரி ஓடுது. கவலைதான். ஊசி போடுறேன், சரியாயிடும்."

ஊசியும் போட்டார். பை நிறைய கலர் கலராக மாத்திரையும் தந்தார். வெளியே வந்தாள். தப்பித்தோம் என்று இருந்தது, கைவிடப்பட்டோம் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி ஒரு மனுஷிக்குள் இருக்க முடியும் என்று அவளுக்கே புரியவில்லை. வேனில் ஏறியதும் காரணமில்லாமல் சிபியாவிடம் எரிந்து விழுந்தாள்.

"இவனும் ஒண்ணுமில்ல. மருமக கொடுமைங்கிறான்!"

"வேற எதுவும் சொல்லலையா? நல்லாப் பார்த்தானா? தொட்டுப் பார்த்தானா?"

"உங்க மாத்திரைக்கு இத்தனை அவசரம்னா ஆஸ்பத்திரி வாசல்ல போய் நில்லுங்க!"

"நீ டாக்டர் தேடுறியா, பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடுறியா? லொபோலான்னு பரிசப் பணம் பேச வந்தவங்களைக்கூட இத்தனை பேரை நீ விரட்டலடி" என்றார் அவர். சிரிப்பதற்காகச் சொன்னார், இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

குளிர் போய், மழை இறங்கி, பள்ளிக்கூட வேலியோரம் பச்சை பிடித்தது. கொட்டை வளர்ந்திருக்கிறதா, அப்படியேதான் இருக்கிறதா என்று தினமும் தொட்டுத் தொட்டு அவளுக்கே கணக்குத் தெரியாமல் போயிற்று. ஒருநாள் பெரிதாகத் தோன்றும், மறுநாள் சின்னதாக. சமைக்கும்போது இடது கையைத் தூக்கினால் இழுக்கிறதோ என்று பயம். ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் கையை உயர்த்திப் பாடும்போது இவள் வலது கையை மட்டும் உயர்த்தினாள்.

அந்தச் சமயத்தில் தெருக்கோடியில் ஒரு சாவு. சனிக்கிழமை அடக்கம் என்பதால் வெள்ளிக்கிழமை பெண்களெல்லாம் அங்கே காய்கறி நறுக்கக் கூடியிருந்தார்கள். மாபெங்குவுக்குப் பக்கத்தில் கேரட் சீவிக்கொண்டிருந்தவள் சிஸ்டர் ஹடேபே, டாக்டர் மூட்லியிடம் அத்தனை வருஷமும் நர்சாக இருந்தவள். பேச்சு டாக்டர்மேல் திரும்பியது. மாபெங்கு ஆரம்பித்துவிட்டாள்.

"அவரை மாதிரி இனிமே யாரு வருவா? ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? பார்த்ததுமே சொல்லுவாரே!"

சிஸ்டர் ஹடேபேயின் கையிலிருந்த கேரட் கிண்ணத்துக்குள் விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடி மாபெங்கு! இத்தனை வருஷமா நீ அப்படியா நெனச்சுக்கிட்டிருந்த?"

"வேற எப்படி நெனைக்கணும்?"

"வெளியில பெஞ்சுல உக்காந்து என்கிட்ட என்ன பேசுவே நீ? முட்டி வலிக்குது, இந்த மனுஷன் குடிச்சுட்டு வந்தான், சின்னவன் படுக்கையில மூத்திரம் போறான். எல்லாத்தையும் கொட்டுவியா இல்லையா? உன் அட்டையை உள்ள எடுத்துட்டுப் போகும்போது இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை அவர் காதுல போட்டுருவேன். 'முட்டி, சார்.' அவ்வளவுதான்!"

சுற்றியிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். மாபெங்குவுக்கு அவமானமாகப் போயிற்று. அத்தனை வருஷமும் கோயில் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தது இதுதானா?

"அப்ப அவருக்கு ஒண்ணும் தெரியாதா?"

"நல்ல டாக்டருடி அவரு. சொன்னாத்தான் தெரியும், அவ்வளவுதான். எல்லாருக்கும் அப்படித்தான். சங்கோமா மட்டும் என்ன? அவரு தப்பாச் சொன்னா மெதுவாத் தட்டுவீங்க, கிட்ட வந்தா ஓங்கித் தட்டுவீங்க. உங்க கையைக் கேட்டுக் கேட்டுத்தானே அவரும் போறாரு! நீங்க சொல்லாம இந்த உலகத்துல எவனும் எதையும் கண்டுபிடிச்சதில்ல."

மாபெங்கு கேரட்டைச் சீவிச் சீவி விரலையும் சேர்த்துச் சீவிக்கொண்டாள். பார்ப்பவன் ஒருவன் எங்கேயோ இருக்கிறான், அவனைத் தேடிப் பிடித்தால் போதும் என்று இத்தனை மாதம் ஓட்டியாயிற்று. அப்படி ஒருவன் இல்லை. அந்தக் கொட்டையைப் பற்றி இந்த உலகத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சிஸ்டர் ஹடேபே அவள் விரலில் துணியைச் சுற்றினாள். குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு என்ன செய்யுது?"

"முட்டிதான்" என்றாள் மாபெங்கு.

"முட்டிக்கா இப்படி இளைச்சிருக்க? இங்க பாரு, நான் இப்ப காலையில அந்தக் காங்கோக்காரரு, டாக்டர் முகெண்டிகிட்ட வேலை பார்க்குறேன். என்னை எதுவும் முன்கூட்டியே சொல்லக்கூடாதுன்னுட்டாரு. நோயாளி வாயாலதான் கேப்பாராம். எனக்குக் கோவம்தான் வருது, ஆனா கேக்குறதுக்கு அந்தாளுக்குப் பொறுமை இருக்கு. வந்து பாரு."

மாஸ்வானே இதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "போயும் போயும் அந்த வெளிநாட்டான்கிட்டயா? அவன் பேசுற ஜூலு அவனுக்கே புரியாது!"

திங்கட்கிழமையே போனாள். சிபியா வழக்கம்போல வெளியே வேனில் இருந்துகொண்டார். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். டாக்டர், எனக்கு மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும்.

டாக்டர் முகெண்டி உயரமானவர், நெற்றியோரம் நரைத்தவர். எழுந்து நின்று கைகொடுத்தார். புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்ட ஜூலுவில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார்.

"வாருங்கள் அம்மா. தங்களுக்கு என்ன செய்கிறது?"

மாபெங்கு வாயைத் திறந்தாள். வாக்கியம் வரவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. வெளியே டாக்சிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. யாரோ இருமினார்கள். அவர் அப்படியே இருந்தார்.

"சொல்வதற்குக் கடினமாக இருக்கிறது என்று தெரிகிறது" என்றார் கடைசியில். "நான் காத்திருப்பேன். வெளியே இருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். அது எனக்குப் பழக்கம்தான்."

எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். ஓடினால் திரும்பி வரமாட்டாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"டாக்டர்" என்றாள். "எங்க ஊருல ஒரு முறை இருக்கு. நீங்க ஒவ்வொண்ணா சொல்லுங்க. நான் தட்டுறேன்."

"எதைத் தட்டுவீர்கள்?"

"கையைத்தான். ஒடம்புல எங்கன்னு நீங்க சொல்லணும். தப்புன்னா மெதுவாத் தட்டுவேன்."

"காங்கோவில், லுபும்பாஷி ஊரில் எனக்கு வருஷக்கணக்கில் மருத்துவம் கற்றுக்கொடுத்தார்கள். இதைக் கற்றுக்கொடுக்கவில்லை" என்றார். சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி. தலையா?"

மெதுவாகத் தட்டினாள். உதட்டுக்குள், வழக்கம் விடாமல், "சியாவுமா."

"தொண்டையா?"

மெதுவாக.

"வயிறா?"

இன்னும் மெதுவாக. அவர் கண்கள் அவள் முகத்தில் இல்லை, கைகளில் இருந்தன.

"தோளா?"

தட்டல் கொஞ்சம் உரத்தது. அவர் நிமிர்ந்தார். குரல் இறங்கியது.

"மார்பா, அம்மா?"

மாபெங்கு தட்டினாள். பளாரென்று அறைகிற மாதிரி சத்தம் வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும். நிறுத்த வரவில்லை. சீவிக்கொண்ட விரலிலிருந்து துணி அவிழ்ந்து விழுந்தது. சிஸ்டர் ஹடேபே கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள், அவள் முதுகுக்குப் பின்னால் பெஞ்சிலிருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மாபெங்கு அழுதுகொண்டே தட்டினாள், தட்டிக்கொண்டே பேசினாள்.

"இடது பக்கம். கட்டி. வலிக்கல. குளிர்காலத்துலேர்ந்து இருக்கு டாக்டர். யார்கிட்டயும் சொல்லல. வளருது. வளருதோ என்னமோ, எனக்குத் தெரியல."

டாக்டர் முகெண்டி சிஸ்டரை உள்ளே வரச்சொல்லிக் கதவைச் சாத்தினார். திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத் தொட்டார். கட்டியைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார், மற்றப் பக்கத்தையும் பார்த்தார். சிஸ்டர் ஹடேபே அவள் தலைமாட்டில் நின்றாள்.

"இது என்ன என்று எனக்குத் தெரியவில்லை" என்றார் டாக்டர், அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததும்.

மாபெங்கு ஆடிப்போனாள். "தெரியலையா?"

"கையால் தொட்டுப்பார்த்து யாருக்கும் தெரியாது. கெட்டதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குப் பயமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படம் எடுக்க வேண்டும், ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கேயே போன் போட்டார். அடுத்த மாதம் என்றார்கள் போலிருக்கிறது. முடியாது என்றார். காத்திருங்கள் என்றார்கள் போலிருக்கிறது, காத்திருந்தார். வேறு யாரோ எடுத்தார்கள், முதலிலிருந்து சொன்னார். அவளுக்காக ஒரு மனிதன் இன்னொருவனோடு மல்லுக்கட்டுவதை மாபெங்கு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலை என்று வாங்கிவிட்டுத்தான் போனை வைத்தார்.

"வீட்டில் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"வியாழக்கிழமை தனியாகப் போகாதீர்கள்" என்றார்.

சிபியா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அணைத்தார். அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஒருமுறை சொல்லிவிட்ட வாய்க்கு இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"எனக்கு மார்புல ஒரு கட்டி இருக்கு" என்றாள்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"காதுல விழுந்துதா?"

"தெரியும்" என்றார் சிபியா.

"என்ன தெரியும்?"

"கட்டி இருக்குங்கிறது. தூக்கத்துல ஒருநாள் உன்மேல கையைப் போட்டேன். பட்டுது."

"எப்ப?"

அவர் முன்கண்ணாடியைக் கையால் துடைக்க ஆரம்பித்தார்.

"எப்பன்னு கேக்குறேன், சிபியா!"

"ஈஸ்டருக்கு முன்னாடி."

மாபெங்கு அவரையே பார்த்தாள். ஈஸ்டருக்கு முன்னால் என்றால், அவள் வாளித் தண்ணீரில் கண்டுபிடிப்பதற்கு வெகுநாள் முன்னால். அப்போது டாக்டர் மூட்லி இங்கேதான் இருந்தார். ஈஸ்டர் முடிந்த வாரம் முட்டி வலிக்கென்று அவரிடம் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். இதே வேனில் இவர்தான் கொண்டுபோய் விட்டார்.

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? டாக்டர் மூட்லிகிட்ட போனேனே நான்!"

"அவரே கண்டுபிடிச்சிடுவாருன்னு நெனச்சேன்" என்றார் சிபியா. "அவருதான் பார்த்ததும் சொல்லிடுவாரேடி. நீ வெளிய வந்து முட்டிக்கு மருந்துன்னு சொன்னதும், அப்ப ஒண்ணுமில்லன்னு நெனச்சு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அப்புறமும் அது கையில பட்டுக்கிட்டேதான் இருந்துது. ஒவ்வொரு டாக்டர் வாசல்லயும் உக்காந்து, இவனாவது சொல்லிடணும்னு வேண்டிக்குவேன். நான் சொன்னா அது நெசமாயிடும்."

அவரை அடித்தாள். தோளில், கையில், எங்கே படுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. ஒரே படுக்கையில், ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கமாக அணைத்துக்கொண்டு அத்தனை மாதம் படுத்திருந்திருக்கிறார்கள். அந்த மாதங்களை இனி யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

கை ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க."

"எங்க?"

"உள்ள. அந்த மனுஷன் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. நீங்களே வந்து கேளுங்க. மாத்திரை தீர்ந்து எத்தனை நாளாச்சுன்னும் அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

சிஸ்டர் ஹடேபே வரிசையில் இருந்தவர்களைச் சமாதானப்படுத்தி அவர்களை மறுபடி உள்ளே விட்டாள். டாக்டர் முகெண்டி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து, அதே புத்தக ஜூலுவில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சிபியா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா, ஐயா?" என்றார் டாக்டர்.

மாபெங்கு தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும் அது என்ன கேள்வி என்று. இத்தனை மாதத்தில் மனசுக்குள்கூட அதை முழுசாகக் கேட்டுப் பார்த்ததில்லை.

"இவ பொழைச்சுடுவாளா?" என்றார் சிபியா.

"இன்று எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர் முகெண்டி. "தெரிகிற அன்று உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்கிறேன்."

மாபெங்கு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு சிபியாவின் முழங்கையை இடித்து, மாத்திரை விஷயத்தைச் சொல்லச் சொன்னாள்.